இடப்பக்கச் சுவரில் ஈரம்

அன்புள்ள சுண்டுவுக்கு, அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம், மலைமேல் நில அளவை வேலைக்குப் போன நீ காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அதுவே போதும். அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை, மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போடுவதில்லை, நீயே ஃபோனில் திட்டு, நான் சொன்னால் சண்டைக்கு வருகிறாள்.

நீ கேட்ட ஒற்றையாள் கூடாரத்தைத் தைத்துவிட்டேன். துணிக்கடைக்காரர் தங்கச்சிக்கா என்று கேட்டார், மகளுக்கு என்றால் நம்பவில்லை, இருபது வயதில் அப்பனானால் இதுதான் கதி. நீர் புகாத மெல்லிய நைலான் துணி, யாரோ கூடாரமாகத் தைத்துப் பிரித்துப் போட்டது, அதனால்தான் யாரும் எடுக்கவில்லை என்றார். இந்தத் துணியில் ஊசி போன ஓட்டை மூடாது. பழைய ஓட்டை வரிசை அப்படியே தெரிந்தது. ஒற்றையாளுக்கு இவ்வளவு அகலம் எதற்கு என்று நான் அதற்கு ஒரு முழம் உள்ளே தள்ளி, அகலத்தைக் குறைத்துத் தைத்தேன். ஓட்டைகளோடு ஓரத்தை உள்ளே மடித்து ஒட்டினேன். தப்பு அங்கேதான்.

சோதிக்காமல் எதையும் அனுப்புகிறவன் இல்லை நான். மாடியில் விரித்து, ஜிப்பை மூடி, காலியாக விட்டேன். காலையில் உள்ளே இடப்பக்கச் சுவரில், தலை வைக்கிற இடத்தில் மட்டும் ஈரம். மூச்சுக்காற்று குளிர்ந்த துணியில் பட்டால் அப்படிப் படியும், அது பௌதிகம். மூச்சு விட யாருமில்லை என்பதுதான் பிரச்சினை. மழையில்லை, தளம் காய்ந்து கிடந்தது. காற்றுத்துளையைப் பெரிதாக வெட்டினேன், மறுபடியும் அதே இடம். பிறகு நானே நடுவில் படுத்துப் பார்த்தேன். விழித்தபோது பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவருக்கு ஒதுங்குவதுபோல வலது ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்தேன். இரண்டு பக்கமும் ஈரம். அம்மா துணி மடித்தபடி, இடம் பத்தலையோ என்னவோ, அகலத்த ஏன் குறைச்சீங்க என்றாள். பைத்தியக்காரத்தனமா பேசாதே என்று கத்தினேன். கத்திவிட்டு அன்றைக்கே தையலைப் பிரித்து, பழைய ஓட்டை வரிசை மேலேயே திரும்பத் தைத்தேன். இப்போது படுத்தால் யாரும் நெருக்குவதில்லை. ஈரம் மட்டும் வருகிறது, வெயில் ஏறினால் போய்விடுகிறது.

அனுப்பவே வேண்டாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் நீ அங்கே கிழிந்த பிளாஸ்டிக் தாளுக்குக் கீழே படுக்கிறாய், அந்தக் குளிர் ஆளைக் கொல்லும். இந்த ஈரம் யாரையும் ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை. அதனால் அனுப்புகிறேன், கொஞ்சம் அகலம் கூடியதற்கு முணுமுணுக்காதே. வாசல் காற்றுக்கு எதிராக இருக்கக் கூடாது, உள்ளே அடுப்பு மூட்டாதே, காற்றுத்துளையை அடைக்காதே. வலப்பக்கமாகப் படு, பையைக் காலடியில் வை.

நோய்நொடி இல்லாமல், பயமில்லாமல் தூங்கி எழு, எங்கள் ஆசி எப்போதும் உண்டு. காலையில் இடப்பக்கத்தைத் துடைக்க அம்மா ஒரு பருத்தித் துணி வைத்திருக்கிறாள், மெதுவாகத் துடைக்கச் சொன்னாள். நானும் அதையே சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா