என் லேப்டாப்பைப் பற்றி

திருச்செங்கோடு,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்புள்ள மாமாவுக்கு,

மதுமதி எழுதுவது. நானும் பாப்பாவும் நலம். சத்தீஸ்கரில் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு அலையும் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? போனில் பேசினால் இங்கே அத்தை பக்கத்திலேயே நிற்கிறார், அங்கே உங்களைச் சுற்றி வேலையாட்கள். அதனால்தான் லீவு முடிந்து திரும்பும் குமாரசாமி அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் தம்பி யோகேஷுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்ததை அத்தை ஊரெல்லாம் சொல்லியாயிற்று. சேலத்தில் சேர்த்துவிட்ட கம்ப்யூட்டர் கோர்ஸ்தான் காரணமாம். நல்ல கோர்ஸ் போங்கள்! நாமக்கல் ஹாஸ்டல் பள்ளியில் பழகிய பழக்கம், பைத்தான் புரோகிராமையும் எழுபது பக்கம் மனப்பாடம் செய்து வைத்திருந்தான். ஓர் எண்ணை மாற்றிக் கேட்டால் திருதிருவென்று முழித்தான். அந்த நோட்டைப் பிடுங்கி வைத்தவள் நான். பார்த்து எழுதாதே, பத்து வரியானாலும் நீயே யோசித்து அடி, தப்பு வந்தால் பயப்படாமல் அது என்ன சொல்கிறது என்று படி என்றேன். ஓடுகிற புரோகிராமை வேண்டுமென்றே கெடுக்கச் சொல்லி, ஏன் நின்றது என்று கேட்டேன். பாப்பாவின் தடுப்பூசித் தேதிகளைக் காட்டும் ஒரு சின்னப் புரோகிராமை மூன்று நாள் போராடி அவனே எழுதினான். அன்றுதான் அவனுக்குப் படிப்பு வந்தது. ஒன்பது மாதம் இப்படி, சமையலுக்கும் பாப்பாவுக்கும் நடுவில்.

அதெல்லாம் என் அப்பா எனக்கு வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில். பெங்களூருக்குக் கிளம்பும்போது அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். வேலைக்குப் போறவன், அவங்கிட்டயே இருக்கட்டும் சாமி என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? நானும் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்தவள் மாமா. இந்த வீட்டில் யாருக்காவது அது ஞாபகம் இருக்கிறதா?

இப்போது கம்பெனி அவனுக்குப் புதிதாக ஒன்று கொடுத்திருக்கிறது. என்னுடையதைக் கேட்டால், படம் பாக்க வேணுமுங்க அண்ணி என்கிறான். வேலை கிடைத்ததும் தானாக யோசிப்பதையும் விட்டுவிட்டான். வாரத்தில் நான்கு நாள் கம்ப்யூட்டர் திரையைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பி, எங்க தப்புன்னு தெரியலீங்க, ஊட்ல சொல்லிப்போடாதீங்க என்று கெஞ்சுகிறான். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் சொல்லிக் கொடுக்கிறேன். கெட்டிக்காரன் என்ற பேர் அவனுக்கு.

வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்கு ஒரு கம்பெனி என்னை ஆன்லைனில் தேர்வெழுதக் கூப்பிட்டிருக்கிறது. இருபத்தாறாம் தேதி. லேப்டாப் இல்லாமல் எழுத முடியாது. அத்தையிடம் சொன்னதற்கு, ஊட்ல சோத்துக்கா பஞ்சம் என்று கேட்டுவிட்டு டிவியைப் போட்டுவிட்டார்.

நேற்று யோகேஷ் அனுப்பிய போட்டோவைப் பார்த்தவுடனே தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. எனக்கும் தெரியவில்லை தம்பி என்று பொய் சொன்னேன். பொழுதெல்லாம் அவன் திண்டாடியிருப்பான். எனக்குக் கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை. இப்படி ஒருத்தியாக ஆகிவிட்டேனே என்றுதான் அழுகை வந்தது.

நீங்கள் போடும் போர்வெல்லிலெல்லாம் தண்ணீர் வரட்டும், உங்கள் கைகாலுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று தினமும் உங்களுக்காகக் கும்பிடுகிறேன். நீங்கள் எனக்காகச் சாமி கும்பிட வேண்டாம் மாமா. உங்கள் தம்பிக்கு ஒரு போன் போடுங்கள்.

உங்கள்,
மதுமதி