இன்னும் சரியாத மலை

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா? நான் நலம். மழைதான் நிற்கவில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. நான் ஆராய்ச்சிக்காகத் தங்கியிருக்கும் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் பின்னால், மலைச்சரிவில் நீளமாக ஒரு வெடிப்பு விட்டிருக்கிறது. கடல் சூடேறினால் இங்கே மழை ஏன் இப்படிக் கொட்டுகிறது என்று கோயில் மண்டபத்தில் படம் போட்டு விளக்கினேன். மலை எந்த நேரமும் சரியலாம், வீட்டில் இருக்க வேண்டாம் என்றும் சொன்னேன். எல்லாக் குடும்பங்களும் என்னை நம்பி மண்டபத்துக்கே வந்து தங்கின. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை அக்கா சாமி படத்தோடு ரைஸ் குக்கரையும் தூக்கி வந்தார். ஒரு வாரம் போனது. மலை அசையவில்லை. எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள்.

இப்போது என்னைக் கண்டாலே சிரிப்பு. "டீச்சர், மல இன்னிக்கு எத்தன மணிக்கு வருதுலா? சோறாக்கி வச்சிட்டு வந்துடறேன்" என்கிறார் அக்கா. நானும் சிரித்துவைக்கிறேன். ஆனால் வெடிப்பு அகலமாகிக்கொண்டே போகிறது. மறுபடி கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள்.

நேற்று மழையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, ஒருமுறை சரிந்தால்தான் நம்புவார்கள் என்று என் மனம் சொன்னது. அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை, அம்மா.

என் பழைய சுவெட்டரை அனுப்புங்கள். சாயங்காலம் போன் போடுங்கள். பேசக்கூட வேண்டாம், நீங்கள் சமைக்கிற சத்தம் கேட்டால் போதும். கோயிலுக்குப் போனால், நான் இத்தனை வருஷம் படித்தது தப்பாகப் போகட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.

மழை வலுக்கிறது. அக்கா சிரித்தாலும் பரவாயில்லை, இன்னொரு தடவை போய்க் கதவைத் தட்டுகிறேன்.

உங்கள் மகள்,
அன்பரசி