சாலைக்கு எதிர்ப்புறமிருந்து எடுத்த படம்

இன்று காலை லென்ஸ்களை எடுத்து ஜன்னலோர வெயிலில் வைத்தேன். மழைக்காலம் முடிந்ததும் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது நீ தொடங்கிவைத்த பழக்கம். எண்பது மில்லிமீட்டர் லென்ஸ் சுத்தமாக இருந்தது. இருநூற்றைம்பது மில்லிமீட்டர் லென்ஸின் உள்ளே, ஓரத்தில், நூல்நூலாக வெள்ளை படர்ந்திருந்தது. அதைச் சரிசெய்யக் கொடுக்க மனம் வரவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை உனக்கு நினைவிருக்குமா? ஒரே பள்ளியில் நீ இயற்பியல், நான் தமிழ். எனக்குக் கேமரா வாங்க இருவரும் பெங்களூரு போனோம். பழைய கேமராக் கடைக்காரர் எடுத்து வைத்த நான்கில் மூன்றை நீயே ஒதுக்கினாய். ஷட்டரை ஒரு நொடிக்கு வைத்து, காதருகே பிடித்து, கண்ணை மூடிக் கேட்டாய். கடைசியில் மிஞ்சியது அந்தச் சதுரப் படக் கேமரா. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். தலையைக் குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும். இடம் வலமாகத் தெரியும்.

எண்பது லென்ஸ் ஒன்றே போதும் என்றாய். எனக்கோ தூரத்து முகத்தைக் கிட்டே கொண்டுவரும் இருநூற்றைம்பதும் வேண்டியிருந்தது. முன்பின் தெரியாதவரிடம் போய் எடுக்கட்டுமா என்று கேட்க எனக்குக் கூச்சம்.

"கேக்கக் கூச்சமா இருந்தா எடுக்காதப்பா. அவ்ளோதானே" என்றாய்.

நான் இரண்டையும் வாங்கினேன்.

வத்தல்மலையில் நாம் எடுத்த படங்களெல்லாம் எண்பதில்தான். நீ மீட்டரை அங்குள்ளவர்கள் முகத்தருகே பிடித்து வெளிச்சத்தின் அளவைச் சொல்வாய். அப்படியே பேச்சுக் கொடுப்பாய். டீச்சர் எதுக்குப் பொட்டிக்குள்ள எட்டிப் பாக்குது என்று அவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் ஒன்றுகூட நான் வரவழைத்ததில்லை.

பாலக்கோட்டுத் தக்காளி மண்டிக்கு ஒருநாள் நான் தனியாகப் போனேன். உனக்குத் தேர்வு வேலை. தக்காளி விலை விழுந்து, கொண்டுவந்ததைச் சாலையோரத்திலேயே கொட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்புறத்தில், கவிழ்த்த தக்காளிப் பெட்டி மேல் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எண்பதில் பார்த்தபோது யாரோ ஒருவர். நிமிர்ந்து பார்த்தேன். உன் அண்ணன். தன் படிப்பை நிறுத்தி உன்னைக் கல்லூரிக்கு அனுப்பியவர். எத்தனையோ முறை நான் அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன்.

அவர்தான் என்று தெரிந்த பிறகுதான் லென்ஸை மாற்றினேன். இதை உன்னிடம்கூடச் சொன்னதில்லை. சாலையைக் கடக்க இருபது அடி இருக்குமா? நான் ட்ரைபாடை விரித்தேன். நான்கு படம் எடுத்தேன். அவர் தலை நிமிர்வதற்குள் பஸ் ஏறிவிட்டேன்.

சென்னையில் என் படங்கள் வைத்திருந்த கண்காட்சியில் அந்தப் படத்தின் முன்னால்தான் கூட்டம் நின்றது. அங்கிருந்து யாரோ அதைப் போனில் எடுத்து அனுப்ப, அது ஊர் ஊராகச் சுற்றி உங்கள் ஊருக்கும் வந்தது. மண்டியில் ஆட்கள் அண்ணனைக் கேலி செய்தார்களாம். அவர் தக்காளியை வேறு ஆள் மூலம் அனுப்பத் தொடங்கினாராம். ஆசிரியர் அறையில் நீ என் மேசை அருகே வந்து நின்றாய்.

"அண்ணன் உன்னப் பாத்தாரா?"

"இல்ல."

"நீ பாத்த இல்ல?"

அந்தப் படத்தில் இருப்பது உன் அண்ணன் மட்டுமல்ல, எல்லா விவசாயியும்தான் என்றேன். எவ்வளவு அழகான வாக்கியம்!

"அது எங்க அண்ணன்ப்பா. எடுத்துடச் சொல்லு" என்றாய்.

இன்னும் பத்து நாள்தானே, முடியட்டும் என்றேன். அதன்பின் நீ என்னிடம் பாடவேளை மாற்றம் தவிர வேறெதுவும் பேசவில்லை. அடுத்த வருடம் மொரப்பூர்ப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போனாய். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு விடுமுறையிலும் நினைத்தேன். ஒரு வாரக் காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்று பள்ளி வாட்ஸப்பில்தான் பார்த்தேன்.

காரியத்தன்று அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். அவருக்கு நீ எப்போதும் பாப்பாதான். சாமிப் படங்களோடு வைக்க, பாப்பா படம் நல்லதாக ஒன்று இருக்குமா, நீங்கள்தானே அவளோடு எப்போதும் கேமரா தூக்கிக்கொண்டு திரிந்தீர்கள் என்று கேட்டார். என்னிடம் இல்லை. உன்னை எடுக்கட்டுமா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதைச் சொன்னேன். பிறகு மண்டிப் படத்தை எடுத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தபோதுதான், நீ அவரிடம் என் பெயரைக் கடைசிவரை சொல்லவேயில்லை என்று எனக்குத் தெரிந்தது.

அவர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அன்னிக்கு நீங்க எதிர்லதான் இருந்தீங்களா டீச்சர்?" என்றார். "ஒரு சத்தம் குடுத்திருக்கலாமுங்களே. தெரிஞ்ச மொகம் ஒண்ணாவது கண்ணுல படாதான்னுதான் அங்க உக்காந்திருந்தேன்."

படத்தைக் கண்காட்சிக்காரர்களிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டேன். நெகட்டிவையும் அண்ணனிடமே கொடுத்துவிட்டேன். அவர் சொன்ன அந்த வார்த்தையைத்தான் எங்கேயும் இறக்கி வைக்க முடியவில்லை.