மேல் தாடையில் இரண்டு ஸ்க்ரூ

இன்று காலை கிளினிக்கில் மவுத்வாஷ் பாட்டில் கவிழ்ந்துவிட்டது. மூடியைச் சரியாகத் திருகாமல் வைத்திருந்தார்கள். இளஞ்சிவப்புத் தண்ணீர் மேசையிலிருந்து தரைக்கு வழிந்து, அறை முழுக்கப் புதினா வாசனை. உதவிக்கு இருக்கும் அக்கா துணியோடு வந்து துடைத்தார். நான் நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "டாக்டர், காலைத் தூக்குங்க, செருப்புல ஒட்டுது" என்றார். தூக்கினேன். உன்னிடம் கடைசியாகப் போனில் பேசியபோது நான் வாங்கச் சொன்ன மருந்து இதுதான்.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதவில்லை. அழுதுவிடுவேன் என்ற பயம் இல்லை. அழுகை அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. எழுத உட்கார்ந்தால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதைத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

பாலக்கரை வீட்டில் உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று நானும் உள்ளறையில் உன்னோடு இருந்தேன். மாப்பிள்ளை குவைத்தில். அவருக்குப் பதிலாக அவருடைய அக்கா வந்திருந்தார். சமோசாவைச் சாப்பிட்டுக்கொண்டே உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொண்ணு நல்லாத்தான் இருக்கு. சிரிக்காம இருந்தா இன்னும் நல்லா இருக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், வாயைக் கையால் மூடிக்கொண்டு. எத்தனையோ வருடம் ஒரே பெஞ்சில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நீ வாயை மூடிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். திருவானைக்காவல் ஸ்கூலில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று சயின்ஸ் நடத்துகிறவள் நீ. அதற்குப் பிறகு அந்தக் கை இறங்கவே இல்லை.

இரண்டு நாளில் தகவல் வந்தது. பல்லை உள்ளே தள்ளிவிட்டால் தேதி வைத்துக்கொள்ளலாமாம். உன் ஸ்கூலுக்கு எதிரில் இருந்த பேக்கரியில் நான் கத்தினேன்.

"மாட்டேன்னு சொல்லுடி."

"சொல்லிட்டு? அடுத்து வர்ற மாப்பிள்ளையோட அக்கா வேற எதையாவது சொல்லும். பல்லுன்னா நீ இருக்க. மூக்குன்னு சொன்னா நான் எங்கடி போவேன்?"

பஃப்ஸைப் பிய்த்துத் தின்றபடி நீ இதைச் சொன்னாய். இதில் நான் ஒன்றும் யோக்கியம் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. எலும்பில் ஸ்க்ரூ போட்டு முன்பற்களை இழுக்கிற வேலையைத் தனியாக நான் செய்தது கிடையாது. உன் வாய் எனக்கு ஒரு நல்ல கேஸ். அந்த அக்காமேல் கோபம் இருந்தது. உன்னை நாற்காலியில் உட்கார வைக்கிற அவசரமும் இருந்தது. என் தொழிலே பாதி இப்படித்தான் நடக்கிறது. அம்மா பேசுவார், பெண் மௌனமாக வாயைத் திறப்பாள், நாங்கள் அளவெடுப்போம். யாருக்காக இது என்று எந்தப் படிவத்திலும் கேள்வி கிடையாது.

ஸ்க்ரூ எதற்கு என்று நான் உனக்குப் படம் போட்டு விளக்கினேன். முன்பற்களைப் பின்னால் இழுக்க ரப்பரைக் கடைவாய்ப் பல்லில் கட்டினால், முன்பல் பின்னால் வருவதற்குள் கடைவாய்ப் பல் முன்னால் வந்துவிடும். அதனால் பல்லை நம்பாமல் எலும்பிலேயே ஒரு சின்ன ஸ்க்ரூ. அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது. மேல் தாடையில் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம்.

"இதுக்கு எதுக்கு இவ்வளவு படம்? நீ ஒண்ணை இழுத்தா அதுவும் உன்னை இழுக்கும். ஒம்பதாங் கிளாஸ் பாடம். கழட்டும்போது வலிக்குமா, அதைச் சொல்லு."

"வலிக்காது. ஊசிகூட வேண்டாம். நானே கழட்டி விடுறேன்."

மூன்றாவது வாரம் இடப்பக்க ஸ்க்ரூ ஆடத் தொடங்கியது. பத்தில் ஒன்றிரண்டு அப்படித்தான் ஆகும் என்று தெரிந்தும் மறுபடி மறுபடி அதைத் தொட்டுப் பார்த்தேன். நீ நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எனக்கு ஸ்க்ரூ லூஸுன்னு எங்க அத்தா சின்ன வயசுலருந்தே சொல்லுவாரு. நீங்க எல்லாரும் படிச்சு முடிச்சு இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க" என்றாய். உன் அப்பாவை நானும் அத்தா என்றுதான் கூப்பிடுவேன். உதவிக்கு இருக்கும் அக்கா சிரித்ததில் கையிலிருந்த தட்டு சாய்ந்தது. கொஞ்சம் மேலே தள்ளி வேறொன்று போட்டேன். அது நின்றது.

மாதா மாதம் குவைத்திலிருந்து வீடியோ கால் வரும். பக்கவாட்டில் திரும்பிக் காட்டச் சொல்வாராம். "இந்த மாசம் எவ்வளவு போயிருக்குன்னு கேக்குறாருடி. இனிமே ஸ்கேல் வச்சுத்தான் பேசணும்" என்று ஒருமுறை என் ஸ்ரீரங்கம் வீட்டு மாடியில் உட்கார்ந்து சொன்னாய். சிரிப்பாகத்தான் சொன்னாய். எனக்கு அந்த ஆளை எதையாவது செய்யத் தோன்றியது. ஒன்றும் செய்யவில்லை. அடுத்த வாரம் ரப்பரை மாற்றினேன்.

ஸ்க்ரூ போட்டு ஏழாம் மாதம். மழை விட்டு உன் தெருவில் தோண்டிப் போட்ட குழியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஒரு புதன்கிழமை மதியம் உன் அம்மாவின் நம்பரிலிருந்து எனக்குப் போன் வந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு யாருக்கோ பல்லில் கட்டும் கம்பியை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"ஈறுல ரத்தம் வருதுடி. துப்புனா செவப்பா வருது."

"ஸ்க்ரூ பக்கத்துலயா?"

"அங்கயும் வருது, கீழயும் வருது."

"பிரஷ் பண்றியா இல்லையா?"

"மூணு நாளாக் காய்ச்சல். எந்திரிக்கவே முடியல, எங்க பிரஷ் பண்றது. நேத்துதான் விட்டுச்சு."

"அதான். அழுக்கு சேந்து வீங்கியிருக்கும். மவுத்வாஷ் பேரு அனுப்புறேன், வாங்கிக் கொப்பளி. சனிக்கிழமை வா, பாக்குறேன்."

"சரிங்க டாக்டரம்மா" என்றாய். கிண்டல்தான், ஆனால் குரலில் சத்தம் இல்லை. அதையும் கவனிக்கவில்லை.

கீழே ரத்தம் வருகிறது என்று நீ சொன்னாய். உன் கீழ்த் தாடையில் ஸ்க்ரூவே கிடையாது. போட்டவள் நான். மூன்று நாள் காய்ச்சல், விட்ட மறுநாள் ரத்தம். இதைக் கேட்டால் என்ன நினைக்க வேண்டும் என்று கல்லூரியில் எனக்கும் சொல்லித் தந்திருக்கிறார்கள். தேர்வில் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன். ஆனால் உன் வாய் என்றதும் என் ஸ்க்ரூ மட்டும்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அது ஆடுகிறதா, அதற்கு ஏதும் ஆகிவிட்டதா என்பதுதான் என் கவலை. வெள்ளிக்கிழமை உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்கு என்றார்கள். சனிக்கிழமை பதினொரு மணிக்கு என் நோட்டில் உன் பெயர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ இல்லை.

உன்னைக் குளிப்பாட்டுவதற்கு முன் உன் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டனுப்பினார். "அந்தத் திருகாணியோட அனுப்ப மனசு வரலம்மா. எடுத்துர முடியுமா?" என்றார். குளிப்பாட்ட வந்திருந்த வயதான பெண் என்னை மறித்தார்.

"மய்யித்தை நோகடிக்கக் கூடாது. அவளுக்கு வலிக்குமா?"

"உயிரோட இருக்குறவங்களுக்கே வலிக்காதும்மா."

"அப்ப எடுங்க."

எடுத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பல்லில் கட்டியிருந்த கம்பியையும் உருவினேன். கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டியிருந்த சின்ன உலோகத் துண்டுகளை எடுக்க நேரமாகும் என்றேன். கிடக்கட்டும் என்றார் அந்தப் பெண். அந்த நேரத்தில்தான் உன் அம்மா கேட்டார்: "இதனாலதானாம்மா?"

"இல்லம்மா. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

உண்மைதான். ஸ்க்ரூ உன்னைக் கொல்லவில்லை. வெளியே வந்தபோது குவைத்துக்காரரின் அக்கா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார், "இப்பத்தான் பல்லு எவ்வளவு அழகா உள்ள போயிருந்துச்சு." மறுநாள் கிளினிக்கில் சீனியர் டாக்டர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஸ்க்ரூவால இல்லன்னு வீட்டுல தெளிவா சொல்லிட்டீங்கல்ல?" "சொல்லிட்டேன் சார்" என்றேன். புதன்கிழமை போனைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

இன்று தரையைத் துடைத்து முடித்ததும் லீவு சொல்லிவிட்டு பாலக்கரைக்கு பஸ் ஏறினேன். உன் அம்மா முன்னறையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். "வாம்மா" என்றார். நான் உட்காருவதற்குள் பேசிவிட்டேன்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். அந்தப் புதன்கிழமை அவ எனக்கு போன் பண்ணா."

அவர் நிமிரவில்லை. "தெரியும். என் போன்தானே. கையில பிடிக்கத் தெம்பு இல்லாம ஸ்பீக்கர்ல போட்டு என் மடியில வச்சுக்கிட்டுத்தான் பேசுனா."

"கீழயும் ரத்தம் வருதுன்னு சொன்னா. நான் காதுல வாங்கல. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கணும்."

"நான் கெளம்பித்தான் நின்னேன்." கத்தியைத் தட்டில் வைத்தார். "புர்காவெல்லாம் போட்டாச்சு. ஆட்டோ கூப்பிடணும், அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்னு அவதான் போன் போடச் சொன்னா. நீ கொப்பளிக்கச் சொன்ன. புர்காவைக் கழட்டி ஆணியில மாட்டிட்டேன்."

எதிர்வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது.

"தெரிஞ்சுக்கிட்டே ஏம்மா அன்னிக்கு அப்படிக் கேட்டீங்க? இதனாலதானான்னு?"

"நீயாச் சொல்லுவன்னு பாத்தேன்."

திட்டவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. மறுபடி கத்தியை எடுத்து, "அவ அத்தாவுக்கு இது தெரியாது. அந்த மருந்தை வாங்கிட்டு வந்ததே அவருதான். தெரிய வேணாம்" என்றார். தலையாட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் உன் அத்தா தொழுதுவிட்டு வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "எப்பம்மா வந்த? இருந்து சாப்ட்டுட்டுப் போகணும், சொல்லிட்டேன்" என்றவர் என் எதிரில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்காரர்கள் முதலிலேயே பெரிய டாக்டரைக் கூப்பிட்டிருந்தால் நீ பிழைத்திருப்பாய் என்று சொல்லத் தொடங்கினார். இதை எல்லோரிடமும் சொல்கிறாராம். உன் அம்மா என்னைப் பார்க்காமல் ஒரு தட்டில் சோறு போட்டு என் முன்னால் நகர்த்தினார்.

"ஆமாங்க அத்தா" என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த மாதமும் வரச் சொல்லியிருக்கிறார். போவேன். அவர் அதையே சொல்வார். நானும் உன் அம்மாவும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்போம்.