தேவதைப் பொம்மை கட்டிய மெழுகுவர்த்தி

ஏப்ரல் 3, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது. ஈஸ்டர் வரைக்கும்தான், ஆனாலும் வேலை. ஸ்தமாதியா அம்மாவின் பொம்மை, செருப்புக் கடை. ஞானப்பெற்றோர் தங்கள் ஞானப்பிள்ளைக்கு ஆண்டுதோறும் தர வேண்டிய ஈஸ்டர் மெழுகுவர்த்தியை விற்க வேண்டும். மெழுகுவர்த்தி என்பது பேருக்கு. அதில் பொம்மை வீடு, பந்து, சைக்கிள் என்று ஒரு குடும்பச் சொத்தே தொங்கும்.

என்னோடு பாண்டெலிஸ் என்பவனும் சேர்ந்திருக்கிறான். பண்டிகை முடிந்ததும் எங்களில் ஒருவருக்குத்தான் கோடை முழுக்க வேலை. மற்றவருக்கு ஒன்றுமில்லை. அது நானாக இருந்தால், ஏதென்ஸில் அத்தை வீடு. அத்தைக்கு என் கல்யாணத்தைத் தவிர வேறு பொழுதுபோக்கு கிடையாது.

இலக்கியப் பட்டம் வாங்கிய பிறகு முதன்முறையாக என் பேச்சுக்கு யாரோ காசு தருகிறார்கள்.

ஏப்ரல் 5

கால் வீங்கிவிட்டது. மனம் பறக்கிறது.

ஒரு வக்கீல் வந்தார். "பையனா பொண்ணான்னு கேக்காதம்மா. ரெண்டுக்கும் பொதுவா ஏதாவது குடு." டைனோசர் கொடுத்தேன்.

ஏப்ரல் 8, லாசரஸ் சனி

கிளெயாந்திஸ் வந்தார். அக்டோபரில் மேயர் பதவிக்கு நிற்கிறார். எங்கள் ஊரில் ஓட்டு வாங்க இரண்டு வழி: சாலை போடலாம், அல்லது குழந்தைகளுக்கு ஞானத்தகப்பன் ஆகலாம். சாலைக்குத் தார் வேண்டும். இவர் ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானத்தில் எண்ணெய் தடவிப் பெயர் வைத்தவர். நாற்பது தேறும்.

"பசங்களுக்கு நீலம், பொண்ணுங்களுக்கு ரோஸ். வீட்டுக்கே அனுப்பிடுங்க, எனக்கு நேரமில்ல."

"வயசு என்னங்கய்யா?"

"எல்லாம் பொடிசுங்கதாம்மா."

வீடுகளை மனப்பாடமாகச் சொன்னார். கடைசியில்: "சர்ச்சுக்குப் பின்னால வாத்தியார் வீடு. அங்க ஒரு வாண்டு உண்டு, கண்ணாடி போட்டிருக்கும்."

அந்த வாண்டு நான்தான். வயது இருபத்தாறு. அவர் எனக்குக் கடைசியாக மெழுகுவர்த்தி தந்தது பால்பல் விழுந்த வருடம். அதுவும் தேர்தல் வருடம்.

சொல்லியிருக்க வேண்டுமோ? வாங்க வரும் ஞானத்தகப்பன் பேச்சை மறுக்காதே என்பது ஸ்தமாதியா அம்மாவின் உத்தரவு. பணிந்தேன். இந்தக் கடை இவ்வளவு பெரிய விற்பனையைக் கண்டதில்லையாம். எனக்கான மெழுகுவர்த்தியில் தேவதைப் பொம்மையை நானே கட்டினேன். பாண்டெலிஸின் முகத்தை இங்கே வர்ணிப்பது கிறிஸ்தவப் பண்பல்ல.

ஏப்ரல் 13, பெரிய வியாழன்

எல்லாம் போய்ச் சேர்ந்தன. போலீஸ் சார்ஜென்டுக்குத் தீயணைப்பு வண்டி. கர்ப்பிணியான பல் டாக்டருக்குச் சிறகு முளைத்த ரோஸ் குதிரை. ஊர் நோன்பை மறந்து சிரிக்கிறது.

"உன் கதை முடிஞ்சுது" என்று பாண்டெலிஸ் காதில் சொன்னான். ஸ்தமாதியா அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. போச்சா? எல்லாம் போச்சா?

ஏப்ரல் 15, பெரிய சனி

காலையிலேயே வந்துவிட்டார் கிளெயாந்திஸ். கடை நிறையக் கூட்டம்.

"அறிவிருக்கா உனக்கு? சார்ஜென்டுக்குப் பொம்ம வண்டியா?"

"நீங்கதான்யா பொடிசுங்கன்னு சொன்னீங்க."

"ஸ்தமாதியா, இந்தப் பொண்ண இப்பவே வெளிய அனுப்பு."

ஸ்தமாதியா அம்மா வாய் திறப்பதற்குள் என் வாய் திறந்துகொண்டது.

"அனுப்பட்டும். தேவதப் பொம்மைக்கு நன்றி, ஞானத்தகப்பனாரே. நான் வாத்தியார் பொண்ணு எவாந்தியா. பேரு நீங்க வெச்சதுதான்."

வரிசையில் நின்ற மீன்காரர் தொண்டையைச் செருமினார். "எல்லாத்துக்கும் ஓட்டு வயசு வந்துருச்சு கிளெயாந்திஸ். உனக்குத்தான் சேதி வரல."

குழந்தைகள் வளர்ந்தால் வாக்காளர்கள் ஆகிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குரல் தேனாயிற்று. ஞானத்தகப்பன் ஈஸ்டருக்குச் செருப்பும் தர வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.

"பெரியவங்க அளவுல செருப்பு இருக்காம்மா?"

"இருக்குங்கய்யா. ஆனா கால் அளவு தெரியணுமே. நீங்களே வீடு வீடாப் போய்க் கேட்டுட்டு வந்துடுங்க."

போனார். வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்து, கடைசியில் குனிந்து என் காலைப் பார்த்தார். "முப்பத்தெட்டா?"

சரிதான்.

அம்மா செருப்புப் பெட்டிகளை எடுத்துத் தந்தபடியே, "செவ்வாய்க்கிழமை லீவு போட்டுடாத" என்றார். செவ்வாய் என்றால் பண்டிகைக்குப் பிறகு.

ஏப்ரல் 24

பாண்டெலிஸ் ஐஸ்கிரீம் கடையில் சேர்ந்துவிட்டான். எங்களுக்குக் கோடைச் சரக்கு வந்திருக்கிறது: மணல் வாளி, நீச்சல் வளையம். ஷட்டரை நான்தான் திறந்தேன்.

எதிர்ப்பக்கத்திலிருந்து கிளெயாந்திஸ் பேர் சொல்லிக் கையசைத்தார். நானும் அசைத்தேன். செருப்பு கடிக்கவில்லை. ஓட்டு அவருக்கில்லை.