கம்பளிக் கொழுப்பு

கீழ்பென்னாத்தூர்
18.12.2024

அன்புள்ள அர்ஹந்த் அண்ணா,

உன் சுகத்தை விசாரிக்கத்தான் உட்கார்ந்தேன், ஆனால் முதலில் புலம்பிவிடுகிறேன். போனை எடுத்தால் இந்த வீட்டில் எல்லாருக்கும் காது நீண்டுவிடுகிறது. அதனால்தான் உன் ஊருக்கு வந்துபோகும் சடையன் வேனில் கடுதாசி கொடுத்தனுப்புகிறேன்.

மார்கழிப் பனியில் உன் மருமகன் அஜிதனுக்குக் கை கால் முழுக்க, உனக்கு இருக்கிற மாதிரியே, செதில் செதிலாக வெடித்திருக்கிறது. நீ அனுப்பிய களிம்பில் அடங்கித்தான் இருந்தது. போன வாரம் என் மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவில் இருந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தார். 'உல் ஃபேட்', அதாவது கம்பளிக் கொழுப்பு, என்ற இடத்தில் நின்றுவிட்டார். "இது ஆட்டுக் கொழுப்பும்மா. ஜைனர் வூட்டுப் புள்ளை மேல இதைத் தடவறதா?" என்றார். டப்பா இப்போது மாட்டுக் கொட்டகையில் இருக்கிறது. பிள்ளை தூங்காமல் அழுகிறான்.

தை மாசம் அவனுக்குக் காது குத்து. உன் மடியில் உட்கார்ந்தால் செதில் இன்னும் ஜாஸ்தியாகுமாம், வேறு யாரையாவது மாமனாக உட்கார வைக்கலாம் என்கிறார்கள். நீயே சொல் அண்ணா. நான் பெற்றதால்தானே அவனுக்கு இப்படி?

சந்தனா

*

வேங்கிக்கால்
23.12.2024

என் தங்கச்சிக்கு,

இன்று கலெக்டர் ஆபீசில் மனு நாள், என் ஜெராக்ஸ் கடையில் கூட்டம். நடுநடுவே எழுதுகிறேன், கையெழுத்தைத் திட்டாதே.

முதலில் ஆடு. கத்தரித்த கம்பளியைக் கழுவும்போது வருகிற பிசுக்குதான் அது. யாரும் ஆட்டைக் கொல்வதில்லை. அதற்குப் பெயர் வைத்தவனுக்குத்தான் கொழுப்பு. அப்படியும் உன் மாமனாருக்கு மனசு ஒப்பவில்லை என்றால் வற்புறுத்தாதே. வெறும் வாசலினும் உதவும் என்று டாக்டர் சொன்னார். குளிப்பாட்டியதும் ஈரம் காய்வதற்குள் தடவிவிடு.

இந்தச் செதில் அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது, உன்னிடமிருந்து அவனுக்கு. பெண்கள் உடம்பில் வெளியே தெரியாமல் இருந்து பையன்களுக்கு வருகிற வகை இது. அம்மாவை நான் ஒரு நாளாவது குறை சொன்னேனா? இது ஒட்டவும் ஒட்டாது, மடியில் உட்கார்ந்தால் ஏறவும் ஏறாது. வெயில் வந்தால் கம்மியாகும். என்னைப் பார், கடை நடத்துகிறேன், ஊரோடு சண்டை போடுகிறேன், நன்றாகத்தான் இருக்கிறேன்.

காது குத்துக்கு நான் வராவிட்டாலும் பரவாயில்லை என்று எழுத நினைத்தேன். அது பொய். அவனை மடியில் வைத்துக்கொள்ள எனக்கு ரொம்ப ஆசை.

அர்ஹந்த்

*

கீழ்பென்னாத்தூர்
6.1.2025

அண்ணா,

உன் கடுதாசியை மாமனாரிடமே கொடுத்துவிட்டேன். 'பெயர் வைத்தவனுக்குத்தான் கொழுப்பு' என்ற இடத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆனால் நம்பவில்லை. ஆடு வைத்திருக்கும் முருகையனிடம் போய், முடி கத்தரிப்பதை முழுசாக நின்று பார்த்துவிட்டு வந்தார்.

"வெட்டி முடிச்சதும் ஆடு எழுந்து மேயப் போயிடுச்சும்மா. அந்த டப்பாவை எடுத்துட்டு வா" என்றார்.

அவரே பேரன் கை காலில் தடவிவிட்டார். இப்போது தினமும் அவர்தான். பிள்ளை அசந்து தூங்குகிறான், நானும்தான். நேற்று உன் கடுதாசியை மறுபடி கேட்டு வாங்கிப் படித்தார். "சொந்த மாமன் இருக்கறப்ப மடியை ஏன் கடன் வாங்கணும்? அர்ஹந்தை வரச் சொல்லு" என்றார். தை பத்தாம் தேதி வந்துவிடு.

ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. என் கல்யாணத்தில்கூட அந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டையோடுதான் நின்றாய். அன்றைக்கு அரைக்கையில் வா. தன் கை மாதிரி ஒரு கையை அவன் பார்க்கட்டும்.

சந்தனா

*

வேங்கிக்கால்
9.1.2025

சந்தனா,

பீரோவைக் கவிழ்த்துத் தேடினேன். என்னிடம் அரைக்கைச் சட்டை ஒன்றுகூட இல்லை.

சாயங்காலம் ஜவுளிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் பழக்க தோஷத்தில் முழுக்கையாகவே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "அரைக்கை குடுங்க, எனக்குத்தான்" என்று சொல்வதற்குள் செதில் அடைத்து வேர்க்காத என் உடம்பும் வேர்த்த மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். கையில் காற்று படுகிறது.

அதே நிறத்தில் அஜிதனுக்கும் ஒன்று வாங்கியிருக்கிறேன். சடையன் வேனில் கொடுத்தனுப்ப மாட்டேன். நானே வந்து போட்டுவிடுகிறேன்.

அவனுடைய தாய்மாமன்,
அர்ஹந்த்