கீழ் அறைக்குப் போகாத செய்தி

மார்ச் 4
பேத்தி எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம் இன்று முதல் குளிர்கிடங்கில் ஓடுகிறது. விஷவாயு கசிந்தால் சுவரில் இருக்கும் கருவி 'கிடங்கு' என்ற தலைப்பில் செய்தி விடும். அந்தத் தலைப்பில் பேர் பதிந்தவர்கள் போனெல்லாம் கத்தும். யார் வாங்குகிறார் என்று கருவிக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாமாம். ஐந்தாவதோடு நின்ற எனக்கே விளங்குகிறது. எதிர்வீட்டு டீச்சரிடம் இரண்டு தடவை சொல்லியாயிற்று.

மருமகன் அங்கேதான் மூட்டை தூக்குகிறார். "வீட்ல அம்மாவும் மகளும் கத்துறது பத்தலன்னு இனி அங்கயும் கத்துவா அத்தை" என்றார். முகமெல்லாம் பெருமை.

மார்ச் 19
கிடங்கு என்று இருந்த ஒரே தலைப்பை மேல் அறை, கீழ் அறை என்று பேத்தி பிரித்துவிட்டாள். மேலே கசிந்தால் கீழே இருப்பவர்களும் வீணாக ஓடினார்களாம். கெட்டிக்காரி.

மார்ச் 23
கீழ் அறையில் கசிவு. மருமகன் ஆஸ்பத்திரியில்.

மார்ச் 24
போய்விட்டார்.

மார்ச் 30
பேத்தி என்னிடம் மட்டும் சொன்னாள். "கருவி சரியாத்தான் செய்தி விட்டுச்சு பாட்டி. புதுத் தலைப்புல விட்டுச்சு. அப்பா பேரு பழசுலயே கிடந்துச்சு. நான்தான் மாத்தியிருக்கணும்."

கீழே வேலை செய்த யார் பேரும் மாறவில்லை. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்ததால் பிழைத்தார்கள். செய்தி போயிருக்கிறது, வாங்கத்தான் ஆளில்லை.

அவள் கம்பெனி மேனேஜர் சொன்னாராம், "உங்கப்பா போனை அணைச்சு வச்சிருந்தார்னு எழுதிடலாம். உனக்கும் நல்லதும்மா."

வாயை மூடிக்கொண்டு இரு என்றேன். என் மகளுக்குப் புருஷன் போனது போதாதா, பெற்ற பிள்ளையும் போகணுமா — நான் சொன்னது தப்பா? தெரியல.

ஏப்ரல் 2
விசாரணையில் பேத்தி உள்ளதைச் சொல்லிவிட்டாள். ஏன்டி என்றேன். "இதே மாதிரி இன்னும் மூணு கிடங்குல பிரிச்சிருக்கேன் பாட்டி. போன் அணைஞ்சிருந்துச்சுன்னு எழுதினா, அங்க போய் யார் பாப்பாங்க?"

என் மகளுக்கு விஷயம் ஊரார் வாயால் தெரிந்தது.

ஏப்ரல் 11
பேத்திக்கு வேலை போயிற்று. அந்த மூன்று கிடங்கிலும் பேர்களைச் சரிபார்த்துவிட்டார்களாம். மகள் அவளோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை.

இன்று மத்தியானம் மகள் சாப்பாடு போட்டுக் கொண்டுவந்து பேத்தி முன்னால் வைத்தாள். அவள் தொடவில்லை. மகள் எழுந்து போகவும் இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.